கேட்கும் பக்கத்தில் ஓர் ஆசிரியர்: விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கல்வி வானொலி பற்றிய நிகழ்வு ஆய்வு

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி தீவில் இல்லை. பாலத்தைத் தாண்டி, மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், பழைய தோட்டங்களின் ஓரத்திலும் புதிய அடுக்குமாடிகளுக்கு நடுவிலும் இருக்கின்றன. இந்தப் பள்ளிகளுக்காக வாரந்தோறும் தமிழில் ஒலிப்பாடம் தயாரிக்கலாம் என்று ஆசிரியர்கள் சிலரும் பல்கலைக்கழக மாணவர்கள் சிலரும் கூடிப் பேசினோம். முதல் கூட்டத்தில் பேச்செல்லாம் ஒலிவாங்கியின் விலை, பதிவு அறைச் சுவரில் ஒட்டும் பஞ்சுப் பலகை, இணைய வானொலிக்கான மாதக் கட்டணம் என்றே ஓடியது. பிள்ளை எங்கே உட்கார்ந்து கேட்கும், பக்கத்தில் யார் இருப்பார், கேட்டு முடித்ததும் அது என்ன செய்யும் என்று கேட்கப் புகுந்தபோது மணி ஐந்தரை ஆகிவிட்டது. பணத்தைச் செலவழிக்குமுன், இதே வேலையை நெடுங்காலம் செய்து பார்த்த ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாற்றைப் படித்து எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அதுதான் இந்த ஆய்வு.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தை ஏன் எடுத்தேன்? அங்கே வானொலிக்குக் காது கொடுத்த பள்ளிகள் நம் பள்ளிகளைப் போன்றவை. 1930களில் அந்த மாநிலத்தின் நாட்டுப்புறத்தில் ஆயிரக்கணக்கான ஓரறைப் பள்ளிகள் இருந்தன. ஒரே ஆசிரியை, ஒரே அறை, ஆறு வயதிலிருந்து பதினான்கு வயது வரை எல்லாரும் சேர்ந்து. பாட்டுக்குத் தனி ஆசிரியர் கிடையாது, ஓவியத்துக்கும் கிடையாது. நம்மிடம் மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளில் இரண்டு வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்துக் கூட்டு வகுப்பு நடத்தும் ஆசிரியைக்கு அந்த அறையின் நிலைமையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தொடக்கம்: இயற்பியல் துறையின் அடித்தளம்

மேடிசன் நகரிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1915 வாக்கில் '9 எக்ஸ் எம்' என்ற அழைப்புக்குறியுடன் ஒரு சோதனை நிலையம் இயங்கத் தொடங்கியது. அதற்கு உயிராக இருந்தவர் இயற்பியல் பேராசிரியர் ஏர்ல் டெர்ரி. குரலை அனுப்பத் தேவையான வெற்றிடக் குழாய்களை அப்போது கடையில் வாங்க முடியாது. டெர்ரியும் மாணவர்களும் கண்ணாடியை ஊதி, உள்ளே உலோக இழைகளைப் பொருத்தி, காற்றை உறிஞ்சியெடுத்துத் தாங்களே செய்தார்கள். பல நாள் உழைப்பில் உருவான குழாய் சில நிமிடங்களில் கருகிப்போவதும் உண்டு. அந்த மாணவர்களில் ஒருவரான மால்கம் ஹான்சன் பின்னாளில் அட்மிரல் பர்டின் தென்துருவப் பயணத்தில் வானொலிப் பொறியாளராகப் போனார்.

நிலையம் முதலில் ஒலிபரப்பியது பாட்டும் அல்ல, பேச்சும் அல்ல. 1916 டிசம்பரில் தந்திக் குறியீட்டில் வானிலை அறிக்கை அனுப்பத் தொடங்கினார்கள். பனி விழுமா, பயிர் கருகுமா என்று தெரிந்துகொள்ள வேண்டிய உழவர்களுக்காக அது. முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும் நாட்டிலிருந்த மற்றத் தனியார் நிலையங்களை மூடச் சொன்னார்கள். கடற்படைக்கான சோதனைகளுக்கு உதவியதால் மேடிசன் நிலையத்துக்குத் தொடர்ந்து இயங்க அனுமதி கிடைத்தது. 1921 ஜனவரி 3 முதல் வானிலை அறிக்கை மனிதக் குரலில் ஒவ்வொரு நாளும் வந்தது. 1922 ஜனவரி 13 அன்று 'டபிள்யூ.எச்.ஏ.' என்ற முறையான உரிமம் கிடைத்தது. அமெரிக்காவின் மூத்த நிலையம் எது என்று இன்றுவரை நடக்கும் வழக்கை விட்டுவிடுவோம்; நம் கேள்விக்கு அது பயன்படாது.

கவனிக்க வேண்டியவர் இன்னொருவர்: வில்லியம் லைட்டி. இயற்பியலுக்கும் அவருக்கும் தொடர்பில்லை. பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவில், ஊர்ப்புறத்தாருக்கு அஞ்சல்வழிக் கல்வி நடத்திவந்தவர். வளாகத்தின் எல்லை மாநிலத்தின் எல்லை வரை நீள வேண்டும் என்ற கொள்கை அந்தப் பல்கலைக்கழகத்தில் வானொலிக்கு முன்பே ஊறியிருந்தது. கருவியைச் செய்தவர் டெர்ரி. அதில் என்ன சொல்வது, யாருக்குச் சொல்வது என்று திட்டமிட்டவர் லைட்டி. தூரத்தில் இருக்கும் மாணவருக்குப் பாடத்தாள் அனுப்பி, விடைத்தாள் திரும்பி வரக் காத்திருந்து பழகிய ஒருவர் நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பேற்றது தற்செயலாக இருக்கலாம். இந்த நிலையத்தின் பிற்கால வாழ்வுக்கு அந்தத் தற்செயல்தான் அடித்தளம் என்று நினைக்கிறேன்.

மற்றவை ஏன் ஓய்ந்தன

1921 முதல் 1936 வரை அமெரிக்காவில் கல்வி நிறுவனங்களுக்கு வழங்கப்பட்ட வானொலி உரிமங்கள் 202. 1937 பிறக்கும்போது அவற்றில் 164 காலாவதியாகியோ வேறு கைக்கு மாறியோ போயிருந்தன. மிஞ்சியவை 38.

காரணம் பலது. பெரும்பாலான கல்லூரிகளில் வானொலி ஒரு பொறியியல் விளையாட்டாகத் தொடங்கியது. ஆர்வமுள்ள பேராசிரியர் ஓய்வு பெற்றதும் அறை பூட்டப்பட்டது. பொருளாதார மந்தம் வந்தபோது நிர்வாகத்தின் கத்தி முதலில் பாய்ந்த இடங்களில் இதுவும் ஒன்று. 1928ல் கூட்டாட்சி வானொலி ஆணையம் அலைவரிசைகளை மறுபங்கீடு செய்தபோது கல்லூரி நிலையங்கள் பலவற்றுக்குக் கிடைத்தவை குறைந்த சக்தியும் மற்றவர்களுடன் பங்குபோட வேண்டிய நேரமும்தான். அதை எதிர்த்து வாதாட வாஷிங்டன் போக வேண்டும், வழக்கறிஞர் வைக்க வேண்டும். விளம்பரக்காரனின் பணத்துக்கு முன்னால் கல்லூரியின் தாவரவியல் விரிவுரை எடுபடவில்லை. ஒலிபரப்பில் நான்கில் ஒரு பங்கைக் கல்வி போன்ற இலாப நோக்கமற்ற பணிகளுக்கு ஒதுக்கச் சொன்ன திருத்தம் 1934ல் அமெரிக்க மேலவையில் தோற்றது.

இந்தச் சூறாவளி எல்லாம் மேடிசனையும் தாக்கியது. டெர்ரி 1929ல், ஐம்பது வயதில், திடீரென்று இறந்துபோனார். நிலையத்துக்குப் பகலில் மட்டுமே ஒலிபரப்ப அனுமதி இருந்தது. குடும்பங்கள் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்காரும் மாலை நேரம் கைக்கு எட்டவில்லை. வணிக நிலையமாக இருந்திருந்தால் அதுவே சாவுமணி. இவர்களோ பகலில் யார் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யோசித்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

'வான்வழிப் பள்ளி': 1931

இளைஞரான ஹெரால்ட் மெக்கார்ட்டி நிகழ்ச்சிப் பொறுப்புக்கு வந்தபின், 1931ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் 'விஸ்கான்சின் வான்வழிப் பள்ளி' தொடங்கியது. இந்த ஆய்வின் நெஞ்சுப் பகுதி இதுதான், ஆகவே இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் பாட்டு. இசைப் பேராசிரியர் எட்கர் கார்டன் 1922லேயே வானொலியில் இசை இரசனை வகுப்பு எடுத்தவர். 1931 முதல் 'இசை நாட்டில் பயணங்கள்' என்ற நிகழ்ச்சியில் அவர் ஒலிப்பதிவகத்தில் நின்று பாடுவார், நிறுத்துவார், இப்போது நீங்கள் பாடுங்கள் என்பார். அவர் நிறுத்திய அந்தச் சில நொடிகளில் மாநிலம் முழுவதும் ஓரறைப் பள்ளிகளில் பிள்ளைகள் பாடுவார்கள். அவருக்கு ஒன்றும் கேட்காது. கேட்டதுபோல் அடுத்த அடிக்குப் போவார். கேட்பவர் வாய்திறக்க இடம்விட்டு அமைத்த பாடம் அது. நம் ஒலிப்பாடங்கள் பலவற்றில் இந்த இடைவெளி கிடையாது. ஆசிரியர் மூச்சு விடாமல் பேசுவார், நிமிடங்கள் வீணாகக்கூடாது என்ற நல்லெண்ணத்தில்.

கார்டனின் வேலை அதோடு முடியவில்லை. வானொலியில் அந்தப் பாட்டுகளைக் கற்ற பிள்ளைகள் ஆண்டு முடிவில் மேடிசனுக்கு வந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்திராத ஊர்களின் பிள்ளைகள், ஒரே பாட்டுகளை மனப்பாடமாகத் தெரிந்தவர்கள், ஒரே கூடத்தில் கார்டனின் கையசைவுக்கு ஒன்றாகப் பாடினார்கள். ஆண்டெல்லாம் ஒலிப்பெட்டிக்குள் இருந்த மனிதரை அன்றைக்குத்தான் முகமாகப் பார்த்தார்கள். அவரும் அன்றைக்குத்தான் தம் வகுப்பைக் காதால் கேட்டார்.

அடுத்தது ஓவியம். காதால் ஓவியம் கற்பிக்க முடியுமா என்று யாரும் சந்தேகப்படுவார்கள். ஜேம்ஸ் ஷ்வால்பாக் என்பவர் 1936ல் 'வரைவோம்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். அவர் கோடு போடச் சொல்லித்தரவில்லை. ஒரு கதை சொல்வார், இசை போடுவார், ஒரு காட்சியைச் சொற்களால் எழுப்புவார். பிள்ளைகள் மனத்தில் பார்த்ததைத் தாளில் வரைவார்கள். பார்த்து வரைய மாதிரிப் படம் இல்லாததால் ஒவ்வொரு பிள்ளையின் படமும் வேறாக வந்தது. படங்களை ஆசிரியைகள் மேடிசனுக்கு அனுப்பிவைத்தார்கள். இந்த நிகழ்ச்சியைப் பற்றிப் படித்தபோது என் மனம் நிறைந்துவிட்டது. வானொலியின் குறையையே பாடத்தின் பலமாக்கிய இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

'ரேஞ்சர் மேக்' என்ற பெயரில் வேக்லின் மெக்நீல் 1933 முதல் 1954 வரை இயற்கை அறிவைச் சொல்லித்தந்தார். அவர் பிள்ளைகளை வகுப்பைவிட்டு வெளியே அனுப்புவார்: மண்ணைக் கிளறிப் பாருங்கள், மரத்தின் பட்டையைத் தொட்டுப் பாருங்கள். 1942ல் அந்த நிகழ்ச்சிக்கு அமெரிக்க ஒலிபரப்புத் துறையின் உயரிய விருதான பீபடி விருது கிடைத்தது.

மூன்றுக்கும் பொதுவானவை மூன்று. பாடத்துக்கு முன்பே ஆசிரியை கையில் அச்சிட்ட வழிகாட்டி இருந்தது: என்ன கேட்கப்போகிறோம், எதை எடுத்து வைக்க வேண்டும், முடிந்ததும் என்ன செய்ய வேண்டும். பாடத்தின்போது பிள்ளைக்குக் கையாலோ வாயாலோ செய்ய ஒரு வேலை இருந்தது. பாடத்துக்குப் பிறகு ஏதோ ஒன்று மேடிசனுக்குத் திரும்பிப் போனது: கடிதம், படம், பாட்டு. ஒலிபரப்பு நடுவிலிருந்த கால் மணி நேரம் மட்டுமே. அதற்கு முன்னும் பின்னும் வகுப்பிலிருந்த ஆசிரியை செய்ததுதான் பாதி வேலை. அவருடைய இடத்தைப் பிடிக்க வானொலி முயலவில்லை. அவருக்கு வராத பாட்டையும் ஓவியத்தையும் கொண்டுவந்து கொடுத்தது.

இந்த அமைப்பு இருந்ததால்தான் நிலையத்தை மூட முடியவில்லை என்பது என் முடிவு. 1930களின் பணவறட்சியில் எந்த அதிகாரியும் ஒரு பேராசிரியரின் சோதனைக்கூடத்தைப் பூட்டிவிடலாம். ஊர் ஊராக இருக்கும் ஆசிரியைகளும் பெற்றோர்களும் எதிர்பார்த்திருக்கும் ஒரு வகுப்பைப் பூட்டுவது வேறு விஷயம். 1934ல் பழைய கொதிகலன் கட்டடம் ஒன்றை வேலையற்றோர் நிவாரண உழைப்பின் துணையோடு 'வானொலிக் கூடம்' ஆக்கி நிலையத்துக்குக் கொடுத்தார்கள். மற்றக் கல்லூரிகள் உரிமத்தைக் கைவிட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இங்கே கட்டடம் கிடைத்தது.

நமக்குப் பொருந்தாதவை

அங்கே மாநில அரசின் பணம் இருந்தது, சொந்த உரிமம் இருந்தது, ஒரே மொழி இருந்தது. போருக்குப் பிறகு, 1947 முதல், மாநிலம் முழுவதையும் எட்டும் பண்பலை நிலையங்களை அரசே நிறுவியது. இது எதுவும் நம்மிடம் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஓரறைப் பள்ளிகள் இணைக்கப்பட்டுப் பெரிய பள்ளிகளாகி, ஒவ்வொன்றிலும் இசை ஆசிரியரும் ஓவிய ஆசிரியரும் வந்தபோது வான்வழிப் பள்ளியின் தேவை குறைந்தது. தொலைக்காட்சியும் வந்தது. குறை தீர்ந்ததும் அதை ஈடுகட்ட வந்தது ஓய்ந்ததில் தோல்வி ஒன்றுமில்லை.

மலாயாவின் பக்கம்

பினாங்குக்கு வானொலி புதிதல்ல. 1934லேயே பினாங்கு வானொலிச் சங்கம் இங்கிருந்து ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது. 1946ல் ரேடியோ மலாயா வந்தது. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அறிவித்த அவசரகாலத்தில், 1948க்குப் பின், மக்களைக் குடியமர்த்திய புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொது ஒலிபெருக்கிப் பெட்டிகளை அரசு வைத்தது. தமிழும் அதில் ஒலித்தது. லயத்து மக்கள் கூடிநின்று கேட்டார்கள். அந்தப் பெட்டி சொல்ல வந்தது, கேட்க வரவில்லை. 1966ல் கல்வி அமைச்சின் பள்ளி வானொலியும் 1972 ஜூன் 19 அன்று கல்வித் தொலைக்காட்சியும் தொடங்கின. அந்தக் காலத்தில் வகுப்பில் வானொலிப் பெட்டியை மேசைமேல் வைத்து, பாடம் தொடங்குமுன் கரும்பலகையில் கடினச் சொற்களை எழுதிப்போட்டுக் காத்திருந்த ஆசிரியர்கள் இன்றும் நம்மிடையே ஓய்வு பெற்று வாழ்கிறார்கள். அவர்கள் கையில் இருந்த அனுபவம் மேடிசன் ஆசிரியைகளுடையதற்கு இணையானது. அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொள்வது நம் முதல் வேலைகளில் ஒன்றாக இருக்க வேண்டும்.

நம் பல்கலைக்கழகங்கள்? 1969ல் பினாங்கில் பிறந்த மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இரண்டே ஆண்டில், 1971ல், வேலை செய்துகொண்டே படிப்போருக்கான வெளிவளாகக் கல்வியைத் தொடங்கியது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிபிசி வழியாகப் பாடம் ஒலிபரப்பத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். பினாங்குப் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகம் தூரத்து மாணவரை எட்டியது அச்சிட்ட பாடநூலாலும் ஆண்டுக்கொருமுறை வளாகத்தில் நடக்கும் தீவிர வகுப்பாலும். இதில் ஒலிபரப்புக் கோபுரம் இல்லை. லைட்டியின் அஞ்சல்வழிக் கல்வியோடு ஒப்பிட்டால் அடித்தளம் ஒன்றே. தமிழ்நாட்டில் 2004ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் 'அண்ணா பண்பலை' தொடங்கியது. இந்தியாவின் முதல் வளாகச் சமூக வானொலி அது. ஒரு பல்கலைக்கழகம் தமிழில் அக்கம்பக்கத்தாரோடு பேச முடியும் என்பதற்கு அதுவே சான்று.

பெருந்தொற்றுக் காலத்துக்கு வருகிறேன். 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. பள்ளிகள் மூடின. காணொளிப் பாடங்கள் குவிந்தன. பட்டர்வொர்த் அடுக்குமாடி வீடுகளில் பல குடும்பங்களுக்கு ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவுடையது, பிறைத் தொழிற்பேட்டையில் இரவு வேலை முடிந்து அவர் வரும்வரை பிள்ளைக்குப் பாடம் இல்லை. தரவு தீர்ந்துவிடும் என்பதால் காணொளியைத் திறக்கவே மாட்டார்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) நான் அனுப்பிய ஐந்து நிமிட ஒலிக்கதைகள் அந்த வீடுகளுக்குள் போயின. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் அப்பா ஒரு காலையில் கூப்பிட்டார். "டீச்சர், குரங்கு ஆத்துல குதிக்கிற எடத்தத் திரும்பத் திரும்பப் போடச் சொல்றா. எனக்குத் தூக்கம் வருது, ஆனா வுட மாட்டேங்குறா." மறுநாள் அவள் வரைந்த படம் வந்தது. குரங்குக்கு நீலச் சட்டை. கதையில் சட்டையே கிடையாது. ஷ்வால்பாக்கைப் பற்றிப் பின்னர் படித்தபோது அந்தச் சட்டைதான் ஞாபகத்துக்கு வந்தது.

பரிந்துரை

பதிவு அறை இப்போதைக்கு வேண்டாம். ஒரு நல்ல கைப்பேசியும், மெத்தையும் துணிகளும் நிறைந்த ஒரு படுக்கையறையும் போதும். மிச்சமாகும் பணம் அச்சுக்குப் போகட்டும்.

இரண்டு பள்ளிகளோடு தொடங்குவோம். இரண்டிலும் கூட்டு வகுப்பு இருக்க வேண்டும். பாடத்தின் நீளம் 15 நிமிடம், அதில் குறைந்தது மூன்று நிமிடம் நாம் வாய்மூடிப் பிள்ளைகள் பேசவோ பாடவோ செய்யவோ விட வேண்டும். கோப்பாகப் புலனத்தில் போகட்டும், ஆனால் வகுப்பில், வாரத்தில் ஒரே நாளில், ஒரே நேரத்தில் கேட்கப்படட்டும். எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதைப் பெரும்பாலும் யாரும் எப்போதும் கேட்பதில்லை.

என்ன பாடம் என்பதில் கூட்டத்தில் கருத்து வேறுபாடு இருக்கும் என்று தெரியும். கணிதமும் அறிவியலும் சேர்க்கச் சொல்வார்கள். என் வாக்கு பாட்டுக்கும் ஓவியத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும். கணிதத்தை நம் ஆசிரியைகள் நன்றாகவே நடத்துகிறார்கள். தமிழ்ப் பாட்டை ராகத்தோடு சொல்லிக்கொடுக்கும் ஒருவர் எல்லாப் பள்ளியிலும் இல்லை. நிபோங் திபாலின் அலையாத்திக் காட்டில் என்ன பறவை நிற்கிறது என்று தமிழில் சொல்லும் பாடமும் எங்கும் இல்லை.

வழிகாட்டித் தாள் பாடத்துக்கு ஒரு வாரம் முன்பே பள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும். அதை வகுப்பாசிரியர்களே நம்மோடு உட்கார்ந்து எழுத வேண்டும். பல்கலைக்கழக மாணவர்களின் வேலை பதிவு செய்வது மட்டுமல்ல. திரும்பி வரும் படங்களையும் குரல் பதிவுகளையும் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிப் பதில் அனுப்புவதும் அவர்கள் வேலை. ஆண்டு முடிவில் இரண்டு பள்ளிகளின் பிள்ளைகளும் பட்டர்வொர்த்தில் ஒரு கூடத்தில் சேர்ந்து பாடட்டும். பேருந்துச் செலவை இப்போதே கணக்கில் எழுதிவைக்க வேண்டும், கடைசியில் வெட்டப்படுவது அதுதான்.

இன்னும் தீராத விஷயம் ஒன்று இருக்கிறது. டெர்ரி இறந்தபின் நிலையம் பிழைத்ததற்குக் காரணம், பொறுப்பு அதற்குள் பலர் தோளில் ஏறியிருந்ததுதான். நம்மில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் அடுத்த ஆண்டு பட்டம் பெற்றுக் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். ஆகவே ஒவ்வொரு பொறுப்புக்கும் இருவர், அதில் ஒருவர் முதலாம் ஆண்டு மாணவர் என்று வைத்துக்கொள்ள முன்மொழிகிறேன். முதல் மூன்று பாடங்களின் வழிகாட்டித் தாள்கள் எழுதியாகிவிட்டன. அடுத்த கூட்டத்தில் அவற்றைப் படித்துத் திருத்துவோம்.